சோலையோரத்து மேசை

"உப்பு எடுத்துக்கிட்டியா?" என்று அம்மா கேட்டாள். புளிசாதத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "போட்டாச்சும்மா" என்றேன்.

"சோத்துக்கில்லடி. காலுக்கு."

அட்டைக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் வால்பாறையில் கொழுந்து பறித்தவளுக்குக் காடு என்றதும் முதலில் ஞாபகம் வருவது கால்தான். எனக்கு ஞாபகம் வந்தது கேமரா.

2017 ஈஸ்டர் விடுமுறை. சிட்னியிலிருந்து முந்தைய நாள் 530 கிலோமீட்டர் ஓட்டி வந்து காஃப்ஸ் ஹார்பரில் ஒரு மோட்டலில் தங்கியிருந்தோம். விடிவதற்கு முன்பே எழுந்து, கொண்டுவந்திருந்த ரைஸ் குக்கரில் சாதம் வைத்து, வீட்டிலேயே காய்ச்சி பாட்டிலில் அடைத்து எடுத்துவந்த புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறியாகிவிட்டது. தாளிக்க மட்டும் துணிச்சல் வரவில்லை. மோட்டல் அறையில் கடுகு வெடித்தால் கூரையிலிருக்கும் புகை அலாரமும் சேர்ந்து வெடிக்கும். இந்தப் பாடத்தைப் படிக்காத தமிழ்க் குடும்பம் ஆஸ்திரேலியாவில் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

"எங்க போறோம்னு சொன்ன?"

"டொரிகோம்மா. நேஷனல் பார்க். மழைக்காடு."

"மழைக்காடுன்னா?"

"சோலை."

அம்மா சாதத்தை அமுக்கிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள். "சோலைக்குள்ள போயி சோறு திங்கிறதா?"

அவள் கேட்டதில் கேலி இல்லை. நிஜமாகவே புரியவில்லை. எங்கள் எஸ்டேட்டில் மழைக்காடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தேயிலை நிற்கிற இடம்தான் 'காடு': பத்தாம் நம்பர் காடு, பன்னிரண்டாம் நம்பர் காடு. அதற்கு அப்பால் இருட்டாக, ஈரமாக நிற்பது சோலை. காட்டுக்கு வேலைக்குப் போவார்கள், சோலைக்கு விறகுக்குப் போவார்கள். விறகுக்கும் நாலைந்து பெண்கள் சேர்ந்து, பேசிக்கொண்டே, யானைச் சாணம் சூடாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். கட்டு கட்டியதும் திரும்பிவிட வேண்டும். அங்கே உட்காருவது என்ற பேச்சே கிடையாது. நான் பதினேழு வயது வரை அந்த லைன் வீட்டில்தான் இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் சோலை. அதற்குள் நான் நின்ற நேரம் முழுவதையும் கூட்டினாலும் ஒரு நாள் தேறாது.

காஃப்ஸ் ஹார்பரிலிருந்து டொரிகோ சுமார் 60 கிலோமீட்டர். பெல்லிங்கன் என்ற சிற்றூரைத் தாண்டியதும் 'வாட்டர்ஃபால் வே' மலை ஏறத் தொடங்குகிறது. பெயருக்கு ஏற்றபடி சாலையோரத்திலேயே அருவிகள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் டெபி புயலின் மிச்சம் வடக்கே கொட்டித் தீர்த்து லிஸ்மோர் நகரையே மூழ்கடித்திருந்தது. மலையெல்லாம் இன்னும் ஊறிக் கிடந்தது. அம்மா ஒவ்வொரு வளைவிலும் சாலையோரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கெல்லாம் நம்பர் போடலியா?"

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. எத்தனையாவது வளைவில் யார் வாந்தி எடுத்தார்கள் என்று பஸ்ஸில் கணக்கு வைத்திருப்போம். எண் இல்லாத மலைச்சாலையை அம்மாவால் ஒரு சாலையாக ஏற்க முடியவில்லை.

மேலே ஏறியதும் ஏமாற்றம். சமதரை. கண்ணுக்கு எட்டியவரை புல்லும் மாடும். நடுநடுவே உழுது போட்ட செம்மண், உருளைக்கிழங்குக்குப் பேர்போன மண்.

"சோலை எங்கடி?"

இங்கே ஒரு காலத்தில் எல்லாமே சோலைதான். 1840களில் மரவெட்டிகள் பெல்லிங்கர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தார்கள். அவர்கள் தேடி வந்தது செந்தேவதாரு என்று சொல்லத்தக்க 'ரெட் சீடர்'. சிவப்புத் தங்கம் என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மாடு பூட்டி இழுத்து, ஆற்றில் மிதக்கவிட்டுக் கடலோரத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த மரம் தீர்ந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீடபூமியைத் துண்டு போட்டுக் குடியேறிகளுக்குக் கொடுத்தார்கள். மிச்ச மரங்களும் போய்ப் பால்பண்ணைகள் வந்தன. 1924இல் ரயில் வந்தது. 1972இல் மழை தண்டவாளத்தை அரித்தது, ரயில் நின்றது. மாடு மட்டும் நிற்கவில்லை. வெட்டி லாபம் பார்க்க முடியாத செங்குத்துச் சரிவில் தங்கிய சோலைதான் இன்றைய தேசியப் பூங்காவின் முக்கியப் பகுதி.

இதை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. இது அப்படியே எங்கள் ஊர்க் கதை. சோலையை வெட்டிக் காப்பி போட்டார்கள், பிறகு தேயிலை போட்டார்கள். போட முடியாத பள்ளங்களிலும் பாறைகளிலும் துண்டு துண்டாகச் சோலை நின்றது. அங்கே தேயிலை, இங்கே புல். பச்சை நிறம் மட்டும் இரண்டு ஊரிலும் பார்க்கிறவனை ஏமாற்றும். வால்பாறைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் தேயிலைக் காட்டைப் பார்த்து "என்ன ஒரு இயற்கை!" என்கிறார்கள். அது ஒரு தொழிற்சாலையின் முன்வாசல்.

ஸ்கைவாக் என்று ஒரு மரப்பாலம் அப்போது இருந்தது. 70 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவிலிருந்து காட்டின் தலைக்கு மேலாக நீட்டிக்கொண்டு நின்றது. அதில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். படம் எடுத்தோம், காற்று வாங்கினோம், திரும்பினோம். அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி கீழே மரங்களின் உச்சியை நெடுநேரம் பார்த்தாள். "கருங்குரங்கு இந்த எடத்துலேர்ந்துதான் நம்மளப் பாக்கும்" என்றாள். பாலத்தைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான். என்னைக் கேட்டால், அதற்கு மேல் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

சற்றுத் தள்ளியிருக்கும் 'தி கிளேட்' பிக்னிக் திடலைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

கிளேட் என்றால் காட்டுக்கு நடுவே மரமில்லாத வெளி. ஒரு கல்யாண மண்டபப் பந்தல் அளவுக்குப் புல்தரை, மர மேசைகள், பெஞ்சுகள், கழிப்பறை. புல் முடிகிற இடத்தில் சுவர் எழுப்பியதுபோல் சோலை தொடங்குகிறது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் வெங்காயமும் சாஸேஜும் சுட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் முதுகைக் காட்டுக்குக் கொடுத்து, கார்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். அம்மா உட்காரவில்லை. மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு என்னை எழுப்பிவிட்டு, சோலை தனக்கு எதிரே இருக்கும்படி அந்தப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஆனை இல்லேல்ல?"

"இல்லம்மா."

"சிறுத்தை? கரடி? செந்நாய்?"

"ஒண்ணும் கெடையாது. பாம்பு இருக்கு."

"அது எங்கதான் இல்ல." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இந்தச் சோலைக்கு யாருதான் காவல்?" என்றாள்.

நான் சிரித்தேன். பதில் அரை மணி நேரத்தில் வந்தது, அம்மாவின் வாயிலிருந்தே.

அதற்கு முன் கோழி. கறுத்த உடம்பு, மொட்டைச் சிவப்புத் தலை, கழுத்தடியில் மஞ்சளாகத் தொங்கும் பை, பக்கவாட்டில் விசிறிபோல் நட்டமாக நிற்கும் வால். பிரஷ் டர்க்கி. கிழக்கு ஆஸ்திரேலியாவின் பிக்னிக் திடல்களில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் பறவை. இலைதழைகளைக் காலால் வாரி வாரி ஆளுயரத்துக்குக்கூட ஒரு மேடு எழுப்பும் ஆண். பெட்டை அதில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். மக்கும் இலையின் சூட்டில்தான் முட்டை பொரிகிறது, யாரும் அடைகாப்பதில்லை. சூடு கூடினால் ஆண் கொஞ்சம் இலையைத் தள்ளும், குறைந்தால் மேலும் அள்ளிப் போடும். 33, 34 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும். குஞ்சு தானே மேட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, அம்மா அப்பா முகம் பார்க்காமலே காட்டுக்குள் போய்விடும். இதை நான் விளக்கியபோது அம்மா ரொம்பவும் வருத்தப்பட்டாள். அந்த வருத்தம், கோழி தாவி மேசைமேல் ஏறி உருளைக்கிழங்கு வறுவலில் தலையை விட்டதுவரைதான் இருந்தது. "ச்சூ! மூதேவி!" என்ற அதட்டலில் பக்கத்து மேசைக் குடும்பமும் சேர்ந்து நிமிர்ந்தது. உலகத்தில் எந்தக் கோழிக்கும் அந்த மொழி புரியும்போல. இறங்கி ஓடியது. ஆனால் பத்தடிக்கு மேல் போகவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் இவரும் மகளும் வோங்கா நடைபாதைக்குக் கிளம்பினார்கள். 6.6 கிலோமீட்டர் வட்டம், வழியில் கிறிஸ்டல் ஷவர் என்ற அருவி, அதன் பின்பக்கமாகவே நடந்து போகலாம். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. "அம்மாச்சி, நாங்க வர்ற வரைக்கும் கோழிகூடச் சண்டை போடாதீங்க" என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் இருவரும் பிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயோடு உட்கார்ந்தோம். அம்மா இரண்டு வாய் குடித்தாள். "டஸ்ட்டு" என்று தூளின் தரத்தைச் சொன்னாள், எப்போதும்போல.

கொஞ்ச நேரத்தில், "சும்மா ஓரமா ஒரு எட்டு நடந்துட்டு வருவமா?" என்றாள்.

திடலின் விளிம்பையொட்டி மெல்ல நடந்தோம். உள்ளேயிருந்து சாட்டைக்குருவியின் சத்தம். ஆண் ஒரு நீண்ட சீழ்க்கையை இழுத்து, முடிவில் சாட்டையைச் சொடுக்கியதுபோல் 'டப்' என்று அறுக்கும். உடனே பெட்டை 'ச்சூ ச்சூ' என்று பதில் சொல்லும். கேட்பவருக்கு ஒரே பறவைபோல்தான் இருக்கும். அம்மா அதைக் கேட்டுவிட்டு, எஸ்டேட் ஓடைப்பக்கம் விடிகாலையில் விசிலடிக்கும் நீலக்குருவியின் பேச்சை எடுத்தாள். சீகாரப் பூங்குருவி. பாடும் பறவைகள் எல்லாவற்றுக்கும் மூதாதை இந்த ஆஸ்திரேலியக் கண்டப் பகுதியில்தான் தோன்றி, பிறகு உலகமெங்கும் பரவியது என்பது இப்போது பறவையியலில் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். அப்படியானால் எங்கள் ஓடைக்குருவியின் பாட்டன் வீடும் இந்தப் பக்கம்தான். அதை அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தபோது அவள் கை என் முழங்கையைப் பிடித்து நிறுத்தியது.

"தொடாத."

நான் எதையும் தொடவில்லை. என் தோளுயரத்தில் ஒரு கன்று நின்றது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இதய வடிவ இலைகள். வெளிர்பச்சை. இலையெல்லாம் ஓட்டை, ஏதோ பூச்சி ஒரு ஓரத்திலிருந்து சல்லடையாக அரித்திருந்தது. மேகம் விலகி வெயில் விழுந்ததும் இலைமேல் வெல்வெட் துணி போர்த்தியதுபோல் ஒரு மினுமினுப்பு. பார்த்தால் தடவத் தோன்றும். நான் தடவியிருப்பேன்.

"சுணை இருக்கு பாரு. இது ஆனைச்சொறி."

"இங்க எப்படிம்மா ஆனைச்சொறி?"

"எல வேற மாதிரி இருக்கு. நம்மூருல நீட்டமா இருக்கும், இது அகலம். ஆனா அதான்." குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கைக்கூட அண்டவிடாமல் பார்த்தாள். "தண்டுலயும் இருக்கு பாரு. சோலை ஓரத்துல, மரம் விழுந்து வெயில் வர்ற எடத்துலதான் மொளைக்கும் சனியன்."

பத்தடி தள்ளி பூங்காக்காரர்கள் வைத்த எச்சரிக்கைப் பலகை இருந்தது. ஜயண்ட் ஸ்டிங்கிங் ட்ரீ. தாவரப் பெயர் டென்ட்ரோக்னைடு எக்செல்சா. எங்கள் ஆனைச்சொறியன் டென்ட்ரோக்னைடு சினுவாட்டா. ஒரே பேரினம், அக்கா தங்கை. எங்கள் ஊரில் புதராகவோ சிறுமரமாகவோ நிற்பது இங்கே 35 மீட்டருக்கு மேல் வளர்கிறது. அம்மா சொன்னதும் சரி. இது வெளிச்சத்தைத் தேடும் மரம். பெருமரம் சாய்ந்த இடைவெளியிலும், பாதை வெட்டிய ஓரத்திலும், இப்படி மேசை போடத் திருத்திய இடத்தின் விளிம்பிலும்தான் முதலில் முளைக்கும். அதாவது மனிதன் உட்கார இடம் செய்துகொண்டால், பக்கத்தில் இதுவும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த மினுமினுப்பு முழுவதும் ஊசி. சிலிக்கா கலந்த, கண்ணாடித்தூள் போன்ற நுண்முடிகள். தோலில் குத்தி, முனை உடைந்து, உள்ளேயே தங்கிவிடும். முதல் வலி சில மணி நேரத்தில் அடங்கினாலும் தண்ணீர் பட்டாலோ குளிர்ந்த காற்று பட்டாலோ நாட்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், திரும்பத் திரும்ப எழும். இங்கே சொல்லும் முதலுதவி வேடிக்கையானது: கால் முடி எடுக்கும் மெழுகுப் பட்டையை ஒட்டிப் பிடுங்க வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் முடி இன்னும் உள்ளே இறங்கும்.

"பதினாலு வயசுல எனக்குப் பட்டுச்சு" என்றாள் அம்மா.

இது எனக்குத் தெரியாது. நாற்பது வருஷமாக என் அம்மா, இது தெரியாது.

விறகுக்குப் போனபோது. மழை வரப்போகிறது என்று அவசரத்தில் கட்டைத் தலையில் தூக்கிவிட்டுத் திரும்பும்போது புறங்கை உரசியது. மூன்று நாள் காய்ச்சல். கை கழுவ முடியாது, தண்ணீர் பட்டால் நெருப்பு. நாலாம் நாள் கங்காணி ஆளனுப்பிவிட்டார். பனியில் நனைந்த தேயிலைக்குள் கையை விட்டுத்தான் கொழுந்து பறிக்க வேண்டும். "ஒவ்வொரு எலைக்கும் அழுதேன்" என்றாள், டீ எப்படி இருக்கிறது என்று சொன்ன அதே குரலில். எந்த வயதில் பேர் பதிந்தாய், பதினாலில் எப்படி வேலை என்று நான் கேட்கத் தொடங்கினேன். அவள் ஏற்கெனவே அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

ஆனைச்சொறிக்குப் பக்கத்திலேயே அகன்ற இலைகளோடு ஒரு கொத்து. கஞ்சவாய் என்பார்கள். சுணை பட்ட இடத்தில் இதன் சாற்றைத் தேய்த்தால் சரியாகும் என்று இங்கே பழைய நம்பிக்கை உண்டு. மகள் பள்ளியில் கேட்டுவந்து சொல்லியிருந்தாள். நான் அதை ஒப்பித்ததும் அம்மா, "இது காட்டுச் சேம்பு. சேம்புப் பாலே அரிக்கும். அரிப்புக்கு அரிப்பா மருந்து?" என்றாள். மருத்துவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், பூசாதீர்கள் என்று. நான் மூன்று வருஷம் இணையத்தில் சேர்த்த அறிவை அவள் இலையை மட்டும் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

கொக்கிகளோடு தொங்கிய ஒரு கொடியைக் காட்டினேன். "பிரம்பு" என்றாள் உடனே. சரிதான், கலாமஸ், நம்மூர் நாற்காலிப் பிரம்பின் பேரினமேதான். இங்கே அதற்கு 'லாயர் வைன்', வக்கீல் கொடி என்று பெயர். பிடித்தால் ஆளை விடாது என்பதால். இதை மட்டும் அம்மா இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஊருக்குத் திரும்பியதும் லைன் முழுக்கப் பரப்பியிருக்கிறாள் என்று பிறகு தம்பி சொன்னான்.

அந்த ரெட் சீடர் கன்று ஒன்றும் பெயர்ப்பலகையோடு நின்றது. டூனா சீலியாட்டா. நம்மூரில் சந்தனவேம்பு என்றும் மதகிரிவேம்பு என்றும் சொல்லும் மரம். காப்பிக்கும் தேயிலைக்கும் நிழலுக்காக விட்டுவைத்திருப்பார்கள். அக்கா தங்கைகூட இல்லை, ஒரே இனம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் டொரிகோவிலும் அதே மரம். அங்கே எங்களுக்கு நிழல் தர நின்றதைத் தேடித்தான் இங்கே இந்தக் காட்டையே திறந்திருக்கிறார்கள்.

இவரும் மகளும் திரும்பியபோது மணி மூன்றரை. மகளின் சாக்ஸில் இரண்டு அட்டை, இவர் கணுக்காலில் ஒன்று. உப்பு வெற்றிகரமாகப் பயன்பட்டது. மகள் வாசற்பலகையைப் படமெடுத்து வந்திருந்தாள். 'ஆஸ்திரேலியாவின் கோண்டுவானா மழைக்காடுகள்'. 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வேறு பெயரில் சேர்ந்து, 1994இல் விரிவடைந்து, 2007இல் இந்தப் பெயரைப் பெற்றவை. "அம்மாச்சி, கோண்டுவானான்னா இண்டியா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒண்ணா இருந்த பெரிய நிலம்" என்று ஆரம்பித்தாள்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1870களில் மெட்லிகாட் என்ற புவியியலாளர் நர்மதைப் பக்கத்துப் பாறை அடுக்குகளுக்கு, அவை கிடைத்த கோண்டுகளின் நாட்டை வைத்துக் கோண்டுவானா என்று பெயரிட்டார். பிறகு எட்வர்ட் சூஸ் என்ற ஆஸ்திரியர் அந்தப் பெயரை எடுத்து உடைந்துபோன பெருநிலம் முழுவதற்கும் சூட்டினார். கோண்டு மக்களின் மொழியான கோண்டி திராவிட மொழி. அதில் மரத்துக்குச் சொல் 'மரா'. மெல்பர்னிலோ சிட்னியிலோ ஒரு தமிழ்ப் பிள்ளை பள்ளிச் சுற்றுலாவில் கோண்டுவானா என்று வாசிக்கும்போது, தூரத்துச் சொந்தக்காரர் பெயரை வாசிக்கிறது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

அவசரப்பட்டு ஒரு முடிச்சும் போட்டுவிடக் கூடாது. ஆனைச்சொறியும் சந்தனவேம்பும் இரண்டு பக்கமும் இருப்பதற்குக் கோண்டுவானா காரணம் இல்லை. இந்தியத் துண்டு பிரிந்து சுமார் 13 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்த மரங்கள் அவ்வளவு பழையவை அல்ல. சந்தனவேம்பு ஆசியப் பக்கமிருந்து தென்கிழக்குத் தீவுகள் வழியே பின்னாளில் இங்கே வந்தது. கோண்டுவானாவின் நிஜ வாரிசைப் பார்க்க இன்னும் மேற்கே, நியூ இங்கிலாந்து தேசியப் பூங்காவின் குளிரில் நிற்கும் அண்டார்ட்டிக் பீச் மரங்களிடம் போக வேண்டும். அதாவது நம் சந்தனவேம்பு இங்கே பூர்வகுடி என்பதைவிட, எங்களைப்போல் வந்து குடியேறியது. கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான். பூர்வகுடி என்றால் கும்பெய்ங்கிர் மக்கள். இது அவர்கள் நிலம். மேசை போடுவதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த இலைகளில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்தவர்கள்.

"நம்ம சோலைக்கும் இப்படிப் போர்டு உண்டா?" என்று அம்மா கேட்டாள். உண்டு என்றேன். 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையும் அதே பட்டியலில் ஏறியது, நம் ஆனைமலைக் கரியன்சோலையும் அதில் இருக்கிறது. அவள் ஆச்சரியப்படவில்லை. "மேசை போட்டிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா ஊருக்குப் போன பிறகு இரண்டு முறை இந்த இடத்தைப் பற்றிப் போனில் பேசியிருக்கிறோம். 2019 கடைசியில் காட்டுத்தீ வந்தபோது, கோண்டுவானா மழைக்காடுகளின் பரப்பில் பாதிக்கு மேல் தீ தொட்டது. "சோலை எரியாதேடி, ஈரம் சொட்டுமே" என்று நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டாள். அதுவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அடுத்தது 2020இல். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் இந்தச் சொறிமரத்தின் சுணையில் சிலந்தி, கூம்புநத்தை விஷங்களைப் போலவே மடிந்திருக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து ஜிம்பைடைடு என்று பெயர் வைத்தார்கள். வலி ஏன் அடங்குவதில்லை என்பதற்கு அது விடை. நான் பெரிய செய்தியாகச் சொன்னேன். "இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களா?" என்றாள்.

அன்றைக்குத் திரும்பி வருகிறேன். பாத்திரங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். திடலின் மறுகோடியில் இரண்டு பேடமெலன், முயலுக்குக் கொஞ்சம் பெரிய கங்காரு, புல் மேய வெளியே வந்திருந்தன. "சருகுமான் மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அம்மா வந்தாள். அவள் இடது கையில், மார்போடு அணைத்தபடி, ஒரு கட்டுச் சுள்ளி.

எல்லாம் ஒரு முழ நீளம். நன்றாகக் காய்ந்தவை. மழை பெய்து ஊறிய காட்டின் ஓரத்தில் காய்ந்த சுள்ளியை எங்கே கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. எங்களோடு பேசிக்கொண்டே, வக்கீல் கொடிக்குச் சிரித்துக்கொண்டே, எப்போது குனிந்தாள், எப்போது பொறுக்கினாள் என்று நான் பார்க்கவே இல்லை.

"அம்மா, இங்கேருந்து எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது."

அவள் தன் கையைப் பார்த்தாள். வேறு யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதைப்போல.

"நான் எங்கடி எடுத்தேன்" என்றாள். பிறகு வெட்கத்தோடு சிரித்தாள். மகள் சிரித்தாள். இவர் காரைத் திறக்கப் போனார். அம்மா சோலையோரம் வரை நடந்துபோய் கட்டைக் கீழே வைத்தாள். அப்படியே போட்டுவிடவில்லை. நுனியெல்லாம் ஒரு பக்கம், அடியெல்லாம் ஒரு பக்கம், தட்டிச் சமன்செய்து அடுக்கினாள், அடுத்த மழைக்குள் யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதுபோல.

நாங்கள் காரைப் பின்னால் எடுக்கும்போது கோழி வந்துவிட்டது. முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இரண்டு காலாலும் மாறி மாறி, அந்தச் சுள்ளிகளை வாரி வாரித் தன் மேட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.